நிறத்தைக் கொட்டினால் வரைபடம் ஆகிவிடாது

எங்கள் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று நிலத்தடி நீரைப் பற்றிச் சிறு புத்தகம் போட்டது. ஒன்றியவாரியாகக் கிணற்று நீர்மட்டத்தைக் காட்டும் வரைபடத்தை நான் செய்து கொடுத்திருந்தேன். ஒரே நீலம், ஐந்து படி. தண்ணீர் மேலே கிடக்கும் ஒன்றியம் வெளிர்நீலம். ஆழத்துக்குப் போகப் போக நீலம் கறுத்துக்கொண்டே வரும். படத்தைக் கையில் எடுத்தவர் மூலையில் இருக்கும் நிறக்குறிப்பைப் படிக்காமலேயே நிலைமை எங்கே மோசம் என்று விரல் வைத்துவிடலாம். அச்சாகி வந்த புத்தகத்தைப் பிரித்தால் அந்த நீலத்தைக் காணோம். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு, மஞ்சள், இளம்பச்சை என்று ஐந்தும் கண்ணை ஐந்து பக்கம் இழுக்கின்றன. தண்ணீர் அதலபாதாளத்துக்குப் போய்விட்ட ஒன்றியங்களுக்கு வாய்த்த நிறம் இளம்பச்சை. போர் போட்டுப் போட்டுக் கடனாளியான ஊர்கள் அவை. படத்தில் நாற்றங்கால் போலப் பசேலென்று இருக்கின்றன.

வடிவமைத்த தம்பியைக் கேட்டேன். "சார், ஒரே ப்ளூவா டல்லடிச்சுது. மல்டிகலர்லதான அடிக்கிறோம், காசு குடுத்த கலரை ஏன் சும்மா விடணும்னு மாத்திட்டேன். இப்பப் பாருங்க, எல்லாம் தனித்தனியாத் தெரியுது" என்றார். பக்கத்தில் நின்ற சங்கத் தலைவரும், "ஆமாங்க, இதுதான் எடுப்பா இருக்கு" என்றார். சண்டை போட்டேன், பயனில்லை. பிரதிகள் ஊர் ஊராகப் போய்விட்டன. அந்தத் தம்பி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது அவர் கண்டுபிடித்ததல்ல. நாளிதழில், தொலைக்காட்சியில், அரசு அறிக்கையில், பள்ளிப் பாடநூலில், முனைவர் பட்ட ஆய்வேட்டில் எல்லா இடத்திலும் கேள்வி கேட்காமல் பின்பற்றப்படும் நம்பிக்கை அது. நிறம் கூடினால் தெளிவு கூடும் என்ற நம்பிக்கை. ஐந்து அளவுகளைக் காட்ட ஐந்து வெவ்வேறு நிறங்கள் வேண்டும், ஏழு அளவுக்கு வானவில் வேண்டும் என்ற நம்பிக்கை. இது தவறு. அழகுணர்ச்சி சம்பந்தப்பட்ட தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. தகவலைப் புரட்டிப்போடும் தவறு இது, சில நேரம் மனிதரைப் பாதிக்கும் தவறும்கூட.

இந்த நாட்டில் மிக அதிகமான கண்கள் பார்க்கும் புள்ளிவிவர வரைபடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மழையளவு வரைபடம். வாரம், மாதம், பருவம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் பெய்த மழை இயல்பிலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கிறது என்று காட்டுவது. இயல்பைவிட 60 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தால் அடர்நீலம். 20 முதல் 59 வரை கூடியிருந்தால் வெளிர்நீலம். கூட்டியோ குறைத்தோ 19 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு, பச்சை. இதுவரை சரி. அடுத்து, 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் சிவப்பு. 60 முதல் 99 சதவீதம் வரை குறைந்தால்? மஞ்சள். மழையே இல்லையென்றால் வெள்ளை.

இன்னொரு முறை படியுங்கள். கால்வாசி மழை குறைந்த மாவட்டம் சிவப்பு. முக்கால்வாசி குறைந்த மாவட்டம் மஞ்சள். ஒரு துளி விழாத மாவட்டம் வெள்ளை. நிலைமை கெடக் கெட நிறம் சாந்தமாகிக்கொண்டே போகிறது. மாவட்டத்தில் வறட்சி முற்றுகிறது, படத்தில் அபாயம் தணிகிறது.

2016 வடகிழக்குப் பருவமழையை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சுமார் 440 மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டும், 170ஐக்கூட எட்டவில்லை. 62 சதவீதக் குறைவு. காவிரிப் படுகையில் பயிர் கருகியது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மார்ச்சில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தருக்குப் போய் மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பருவத்தின் 62 சதவீதக் குறைவுக்கு அந்த நிறக்குறிப்பு ஒதுக்கி வைத்திருக்கும் நிறம் மஞ்சள். மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்து, குறைவு 40 சதவீதத்தில் நின்றிருந்தால் தமிழ்நாடு சிவப்பாகியிருக்கும், பார்த்தவர் பதறியிருப்பார். குறைவு 60ஐத் தாண்டியதால் மஞ்சளுக்குப் போய்விட்டது. ஒரு தலைமுறை மறக்க முடியாத வறட்சிக்கு மஞ்சள்.

"நிறக்குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது" என்பார்கள். நிறக்குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் படம் எதற்கு? மாவட்டப் பெயரும் பக்கத்தில் எண்ணும் போட்டு அட்டவணையாகக் கொடுத்துவிடலாமே, மை மிச்சம். எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று கண் ஒரு வீச்சில் பிடித்துக்கொள்ளவே வரைபடம் இருக்கிறது. அந்த ஒரு வீச்சில் கண் ஏமாந்தால் அது வரைபடத்தின் தோல்வி, வாசகரின் தோல்வி அல்ல.

கண் ஏன் ஏமாறுகிறது? வெளிர்நீலம், நடுநீலம், அடர்நீலம் மூன்று அட்டைகளை ஒரு குழந்தையிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் யோசிக்காமல் அடுக்கிவிடும். சிவப்பு, பச்சை, ஊதா மூன்றைக் கொடுத்தால் அடுக்க எந்த வழியும் இல்லை. பச்சையைவிடச் சிவப்பு பெரியதா, ஊதாவைவிடப் பச்சை அதிகமா என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. நிறங்களுக்குள் வேற்றுமை உண்டு, ஏறுவரிசை இல்லை. ஏறுவரிசை இருப்பது வெளிர்மைக்கும் அடர்த்திக்கும் இடையில். பிரெஞ்சு நிலவரைவியலாளர் ஜாக் பெர்த்தன் 1967ல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதைக் கட்டளை போலவே வகுத்து வைத்தார்: வேறு வேறு வகை என்று காட்ட நிறம், கூடுதல் குறைவு என்று காட்ட அடர்த்தி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் பக்கம் அந்தக் காற்று வீசவே இல்லை.

வானவில்லில் வரிசை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, இயற்பியல் புத்தகத்தில். ஊதாவிலிருந்து சிவப்புக்கு அலைநீளம் கூடுகிறது என்பது ஆய்வுக்கூடக் கருவிக்குத் தெரியும்; நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்த வரிசையில் மிக வெளிச்சமாக இருப்பது மஞ்சள் என்பதும், மஞ்சள் நடுவில் எங்கோ கிடக்கிறது என்பதும்தான். ஆகவே வானவில் வரைபடத்தில் நடுத்தர அளவுகள் பளீரென்று முன்னால் வருகின்றன. இரண்டு முனைகளும் இருளில் போகின்றன. பச்சை மஞ்சளாக மாறும் இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல் எல்லை தெரிகிறது; அங்கே தரையில் எந்த எல்லையும் இருக்காது. பச்சைக்குள்ளேயே பெரிய மாற்றம் நடந்திருந்தால் அது கண்ணில் படாமலே போகும். இல்லாததைக் காட்டி, இருப்பதை மறைக்கும் நிறவரிசை.

போர்லண்ட், டெய்லர் என்ற இருவர் 2007ல் வானவில் நிறவரிசையின் கேட்டைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 2011ல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில் இதய ரத்தக்குழாய்ப் படங்களை வானவில் நிறத்தில் பார்த்தவர்கள், கண்ணுக்கு ஏற்ற நிறவரிசையில் பார்த்தவர்களைவிட நோய்க்குரிய இடங்களை அதிகம் தவறவிட்டார்கள். மேட்லேப் மென்பொருள் 2014ல் வானவில்லைத் தன் முதல் தேர்விலிருந்து தூக்கியது. மேட்பிளாட்லிப் 2017ல் தூக்கியது. உலகெங்கும் ஆய்வாளர்கள் புழங்கும் கருவிகளே கைகழுவிவிட்டன. நம் ஆய்வேடுகளில் மட்டும் அது வாழ்வாங்கு வாழ்கிறது. வைவா நடத்த வரும் பேராசிரியர் நிலத்தடி நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் வானவில் படத்தைப் பார்த்து "நல்லா கலர்ஃபுல்லா பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்தில் எது அதிகம் எது குறைவு என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

நிறமே இல்லாமல் சாதித்தவர்களைப் பார்ப்போம். 1826ல் பிரான்சில் சார்ல் துப்பான் என்பவர் தன் நாட்டின் மாவட்டங்களில் பள்ளிக் கல்வி எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு படம் போட்டார். கல்வி பரவிய மாவட்டம் வெளுப்பு, பரவாத மாவட்டம் கறுப்பு, நடுவில் சாம்பலின் படிகள். கறுப்பு மை ஒன்றைத் தவிர வேறில்லை. மேற்கே செயின்ட் மாலோவிலிருந்து கிழக்கே ஜெனீவா வரை ஒரு கோடு இழுத்தால் வடக்கே வெளுத்தும் தெற்கே இருண்டும் நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த இருண்ட பிரான்சைப் பற்றி நாடே வாதாடியது. அளவைக் காட்ட அடர்த்தியைப் பயன்படுத்தும் மாவட்ட வரைபடம் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு மை, ஏறத்தாழ இருநூறு ஆண்டு. நம்மிடம் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் திரை இருக்கிறது. கடும் வறட்சிக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அச்சகத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இந்த நிறப்பிரியர்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு படம் வண்ண அச்சாக வருகிறது என்று வையுங்கள். அங்கிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு ஜெராக்ஸ். ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். சிவப்பும் பச்சையும் ஜெராக்ஸில் ஏறத்தாழ ஒரே சாம்பல். மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள். அந்த மழைப்படத்தையே ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். மிதமாகக் குறைந்த மாவட்டங்கள் கருஞ்சாம்பலாக விழும். இயல்பான மாவட்டங்களும் சாம்பலாகவே விழும். பாலைவனமாகக் காய்ந்த மாவட்டங்கள் காகிதத்தோடு காகிதமாக மறைந்துபோகும். மோசமானவை இல்லாமலே போய்விடுகின்றன! ஒரே நிறத்தின் ஐந்து படிகளுக்கு இந்தக் கதி வராது. பத்து முறை ஜெராக்ஸ் எடுத்தாலும் கறுத்தது கறுத்ததுதான், வெளுத்தது வெளுத்ததுதான்.

அச்சிலும் இதே கதைதான். நாளிதழ்த் தாள் மையைக் குடிக்கும். புள்ளிகள் பரவி நிறம் ஒருபடி கறுக்கும். நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினால் போதும், ரிஜிஸ்டர் போய், மஞ்சளும் நீலமும் கலந்து வரவேண்டிய பச்சை ஓரத்தில் மஞ்சள் பிதுங்க, நடுவில் வேறு நிறமாக நிற்கும். வாசகர் அந்தப் பச்சையை நிறக்குறிப்பில் தேடிக்கொண்டிருப்பார். ஒரே மையின் ஸ்கிரீன் படிகளாக அடித்தால் விலகுவதற்கு ஒன்றுமில்லை. அச்சுத்தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் "மல்டிகலருக்குக் காசு வாங்கிட்டோம்" என்ற ஒரே காரணத்துக்காக, தெரிந்ததையெல்லாம் ஓரம்கட்டிவிடுகிறார்கள்.

பல நிறங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகை வேறு என்றால் நிறம் வேறாகத்தான் இருக்க வேண்டும். செம்மண், கரிசல், வண்டல் மூன்றும் கூடுதல் குறைவு உறவு கொண்டவை அல்ல. மூன்று நிறம் கொடுங்கள். பேசும் மொழிகளைக் காட்டும் படத்தில் ஒரே நீலத்தின் படிகளைப் போட்டால் ஒரு மொழி இன்னொன்றைவிட உயர்ந்தது என்றாகிவிடும், அதுவும் பொய்தான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிந்தியா புரூவர் இந்த விஷயத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். ஏறிக்கொண்டே போகும் அளவுக்கு ஒரே நிறம் அடர்ந்து போவது. நடுவில் ஒரு புள்ளி இருந்து இரண்டு பக்கமும் விலகும் அளவுக்கு நடுவில் வெளுத்து இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக அடர்வது. வகைகளுக்குத் தனித்தனி நிறம். 2000களின் தொடக்கத்தில் அவரும் சகாக்களும் கலர்ப்ரூவர் என்ற கருவியை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். எந்த நிறவரிசை ஜெராக்ஸுக்குத் தாங்கும், எது நிறக்குறைபாடு உள்ளவருக்குத் தெரியும் என்றுகூட அதில் குறித்திருக்கிறது. இயல்பிலிருந்து விலகல் என்பது இரண்டாவது வகை. நடுவில் வெளுப்பு, கூடுதல் பக்கம் நீலம் அடர வேண்டும், குறைவு பக்கம் பழுப்பு அடர வேண்டும். ஓர் இடத்திலும் மஞ்சளுக்கு வேலையில்லை.

நல்ல முன்மாதிரிக்கு வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுத்தாளை எடுத்துப் பாருங்கள். சம உயரக் கோடுகள் பழுப்பு. காடு பச்சை. விளைநிலம் மஞ்சள். ஊரும் சாலையும் சிவப்பு. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு நீலம். மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் ஓடை கறுப்பு. இந்தக் கடைசி விஷயத்தை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். நம் ஊர்த் தாள்களில் பெரும்பாலான ஓடைகள் கறுப்பு. நீலத்தை அள்ளித் தெளித்து வளமான நாடாகக் காட்ட அந்த வரைவாளர்களுக்கு மை இல்லாமலில்லை. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மட்டுமே நீலம் என்று கட்டுப்பாட்டோடு இருந்தார்கள். அந்தப் பரம்பரை நம் நாட்டிலேயே இருக்கும்போது நாம் பின்பற்றுவது அலங்கார விளக்குக்காரரை.

மாவட்ட எல்லையைக் காட்டும் சாதாரணப் படத்திலும் இதே அடாவடி. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். கடைகளில் தொங்கும் படத்தில் 38க்கும் நிறம் தேடித் தேடிப் போட்டிருக்கிறார்கள். இளஞ்சிவப்பில் நான்கு வகை, பச்சையில் ஆறு வகை. அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது என்றால் நான்கு நிறம் போதும். 1852ல் இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ் கத்ரி என்பவருக்கு நான்கு போதும் என்று தோன்றியது. 1976ல் ஆப்பெலும் ஹேக்கனும் கணினி வைத்து அதை நிறுவினார்கள். எத்தனை மாவட்டம் பிரித்தாலும் நான்கு. வெளிறிய நான்கு நிறங்களைப் போட்டால் ஊர்ப் பெயர்களை மேலே படிக்கவும் முடியும். இப்போது அடர்சிவப்பின் மேல் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் அச்சிட்டு, படிக்க முடியாமல் வெள்ளைக் கரை கட்டி, கரை ஆற்றை மறைத்து, ஆற்றின் பெயர் கடலுக்குள் போய்விடுகிறது.

பள்ளிக்கூட அட்லஸைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. தாழ்நிலம் பச்சை, மலை பழுப்பு என்று ஒரு மரபு. கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டுவதற்கான மரபு அது. மரம் இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தக் குழந்தை அப்படிப் புரிந்துகொள்கிறது? ராமநாதபுரம் தாழ்நிலம், ஆகவே பச்சை. சீமைக்கருவேலமும் பொட்டலும் கண்மாய் வண்டலுமாகக் கிடக்கும் பூமி செழும்பச்சை. நீலகிரி உயர்ந்தது, ஆகவே பழுப்பு. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவும் சுற்றியிருக்கும் சோலைக்காடும் காய்ந்த கட்டாந்தரை நிறம். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் இறங்கினால் ஒரு நாளில் பொய்யாகிவிடும் இந்தப் பாடம் ஆயுசுக்கும் மனத்தில் நிற்கிறது. பட்டம் வாங்கியவர்களே பச்சையைக் காட்டி "இங்கெல்லாம் நல்ல விவசாயம்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபடக் கேள்விக்குக் கலர் பென்சில் கொண்டுபோய் அழகாகத் தீட்டக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த நிறம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒரு வகுப்புகூட எடுப்பதில்லை.

2020ல் கொரோனா ஊரடங்கின்போது நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்கள். ஏப்ரல் இறுதிக் கணக்கில் சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. கடை திறக்கலாமா, பஸ் ஓடுமா, வேலைக்குப் போகலாமா என்பதெல்லாம் அந்த நிறத்தைப் பொறுத்தது. கோடிக்கணக்கானோர் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தங்கள் மாவட்டத்தைத் தேடினார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மனிதர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் பன்னிரண்டுக்கு ஒருவர். நம் நாட்டிலும் எந்தப் பெரிய வகுப்பறையை எடுத்தாலும் ஒருவராவது இருக்கக்கூடும். அவருக்கு அந்தப் படம் முழுதும் ஒரே கலங்கல். சிவப்புக்கு அடர்த்தி, ஆரஞ்சுக்கு நடுத்தரம், பச்சைக்கு மிக வெளிர் என்று அடர்த்தியையும் சேர்த்து மாற்றியிருந்தால் ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் அவருக்கும் தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. நிறம் போட்டாயிற்று, கடமை முடிந்தது.

தேர்தல் படம் இன்னொரு அநியாயம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே கூட்டணி வென்றது. எல்லாத் தொலைக்காட்சியிலும் மாநிலம் முழுக்க ஒரே நிறம். அந்தக் கூட்டணி வாங்கிய வாக்கு பாதியைக்கூடத் தொடவில்லை. பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்களை அந்த நிறம் அப்படியே துடைத்துவிட்டது. நூலிழையில் வென்ற தொகுதிக்கும் லட்சக்கணக்கில் வென்ற தொகுதிக்கும் அதே நிறம், அதே அடர்த்தி. வித்தியாசம் குறைந்த இடத்தில் நிறத்தை வெளிறவிட்டிருந்தால் எங்கே போட்டி நடந்தது என்று தெரிந்திருக்கும். பரப்பளவு வேறு சேர்ந்துகொள்கிறது. பெரிய கிராமத் தொகுதி திரையில் கைப்பிடி அகலம். சென்னையின் மூன்று தொகுதிகளும் சேர்ந்து ஒரு புள்ளி. நிலத்துக்கு ஓட்டில்லை, மனிதருக்குத்தான் ஓட்டு என்பதை யாராவது அந்தக் கிராஃபிக்ஸ் அறையில் எழுதி ஒட்ட வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு நிலைமை இன்னும் கெட்டுவிட்டது. புயல் காலத்தில் வாட்ஸப்பில் சுற்றும் செயற்கைக்கோள் படத்தில் தமிழகக் கடற்கரை முழுதும் சிவப்பாக இருக்கும். அகச்சிவப்புப் படம் அது. அந்தச் சிவப்பு சொல்வது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. கீழே எவ்வளவு மழை விழுகிறது என்பதை அது நேராகச் சொல்வதில்லை. பார்ப்பவர் சிவப்பைப் பார்த்துப் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்க ஓடுகிறார். அதே நாள் இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கை வரைபடத்தில் அவர் மாவட்டம் மஞ்சள். எச்சரிக்கைப் படத்தில் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள் என்று பொருள். பச்சைக்கு அடுத்த படி, ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் கீழே. அதே வானிலைத் துறையின் மழையளவுப் படத்தில் மஞ்சள் சிவப்பைவிடக் கொடியது. ஒரே துறை, ஒரே மஞ்சள். ஒன்றில் இலேசான கவலை, இன்னொன்றில் கொடும் பற்றாக்குறை. இரண்டும் ஒரே குடும்பத்தின் கைப்பேசிக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன.

இதைவிடக் கயமையான பழக்கம் ஒன்று உண்டு. வெப்பநிலைப் படங்களில் அளவுகோலைத் தினமும் இழுத்துச் சுருக்குவது. அன்றைய மிகக் குறைந்த வெப்பத்துக்கு நீலம், மிக அதிக வெப்பத்துக்குச் சிவப்பு என்று மென்பொருள் தானாகவே பொருத்திக்கொள்ளும். நேற்று சிவப்பு 41 டிகிரி. இன்று மழை பெய்து குளிர்ந்தாலும் சிவப்பு இருக்கும். இன்றைய சிவப்பு 35. இரண்டு நாள் படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் எரியும். மார்ச் மாதத்திலேயே மாநிலம் பற்றி எரிவதாகத் திரையில் காட்டுவதற்கு இதைவிட எளிய வழியில்லை. 2013 ஜனவரியில் ஆஸ்திரேலிய வானிலைத் துறைக்கு இதே சோதனை வந்தது. கணிப்பு 50 டிகிரியைத் தாண்டியது. அவர்கள் அளவுகோல் 50ல் முடிந்தது. பழைய நிறங்களை இழுத்து நிரப்பாமல், 54 வரை நீட்டிப் புதிதாக ஊதாவையும் இளஞ்சிவப்பையும் சேர்த்தார்கள். மற்ற நிறங்களின் பொருள் நேற்றுபோல் இன்றும் அதேதான் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நிறத்தேர்வு எல்லாம் எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிறத்துக்கு ஒருமுறை கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

"மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். மக்களிடம் யார் கேட்டார்கள்? ஒரே தகவலை இரண்டு விதமாகப் போட்டு, உங்கள் ஊர் எந்த நிலையில் இருக்கிறது சொல்லுங்கள் என்று எந்த நாளிதழ் கேட்டுப் பார்த்தது? எது அழகு என்று கேட்டால் எல்லாரும் நிறம் மிகுந்ததைத்தான் காட்டுவார்கள். எது புரிகிறது என்று கேட்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விவகாரம் தீர்ந்துவிடும். கேட்பதில்லை, கேட்டால் வேலையை மாற்ற வேண்டியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1ல் தொடங்குகிறது. மழையளவு வரைபடத்தைத் தயாரிப்பவர்கள் அதற்குள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. குறைவு பக்கத்துக்கு ஒரே நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதத்தில் வெளிறித் தொடங்கட்டும், 60ஐத் தாண்டினால் அடரட்டும், மழையே இல்லாத மாவட்டம் எல்லாவற்றையும்விடக் கறுப்பாக இருக்கட்டும். இப்போதைய நடைமுறையில் அந்த மாவட்டம் வெள்ளை, தகவல் கிடைக்காத வெற்றிடம் மாதிரி. பருவம் முழுதும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர், படத்தில் மை படாத இடமாக இருக்கிறது.